கண் திறந்துவிட்டார், நினைவு வந்துவிட்டதா?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பெரியப்பா, ஐ.சி.யு.வில் ஆறாம் நாள் காலையில் கண் திறந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அத்தை உடனே ஊருக்கு ஃபோன் போட்டு, "அண்ணனுக்கு நினைவு வந்துடுச்சு" என்று சொல்லி அழுதார். உள்ளே போய் வந்த பெரியம்மா மட்டும் குழம்பிப்போய் நின்றார். "கண்ணைத் திறந்து சீலிங்கையே பார்த்துட்டு இருக்கார். கூப்பிட்டா திரும்பலை. என்னைத் தெரியலையா அவருக்கு?" டூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. "முழிச்சிருக்கார்மா. ஆனா நினைவு இருக்கான்னு இப்போ சொல்ல முடியாது. ரெண்டும் வேற வேற" என்றார்.

அந்த 'ரெண்டும் வேற வேற' அன்றைக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மூளை அறிவியலில் கடந்த ஐம்பது ஆண்டுகளின் மிகச் சுவையான பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. என்னைப் போலவே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து விழிப்பவர்களுக்காக அதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சொல். தமிழில் 'நினைவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல வேலை பார்க்கிறோம். பழைய வீட்டு முகவரி நினைவில் இருக்கிறது என்கிறோம். வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு நினைவு தப்பிவிட்டது என்கிறோம். அறிவியலுக்கு இந்த ஒரு சொல் போதவில்லை. அதனால் முதல் வேலையாக இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, விழிப்பு. தூங்கி எழுவது, கண் திறந்திருப்பது இதெல்லாம் அதில் வரும். இன்னொன்று, நனவு. பார்ப்பது தெரிவது, கேட்பது புரிவது, வலியை வலியாக உணர்வது எல்லாம் இதில் அடங்கும். 'நனவிலி மனம்' என்று படித்திருப்பீர்களே, அதே நனவுதான்.

அன்றாட வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நேற்றிரவு வந்த கனவை யோசித்துப் பாருங்கள். உடம்பு தூங்கிக்கொண்டிருக்கிறது, கண் மூடியிருக்கிறது. உள்ளே நீங்கள் பரீட்சை ஹாலைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், பயம் நெஞ்சை அடைக்கிறது. அங்கே விழிப்பு இல்லை, அனுபவம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அன்று இது தலைகீழாக இருந்திருக்கலாம். கண் திறந்திருக்கிறது, அனுபவம் இருக்கிறதா தெரியாது.

விழிப்பைப் பற்றி நமக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். கழுத்துக்கு மேலே, மூளையின் அடியில், கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டு இருக்கிறது. மூளைத்தண்டு என்பது அதுதான். 1949-ல் ஜுசெப்பே மொருஸ்ஸி, ஹொரேஸ் மகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு வலைப்பின்னல் பகுதியை மின்சாரத்தால் லேசாகத் தூண்டினார்கள். மந்தமாக ஓடிக்கொண்டிருந்த மூளை அலைகள் சட்டென்று விழித்திருக்கும்போது வருகிற அலைகளாக மாறின. வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டால் விளக்கெல்லாம் எரியும். வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்பதை மெயின் சுவிட்சைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரியப்பாவின் படுக்கையருகே ஒரு தாளில் தினமும் 'ஜி.சி.எஸ்.' என்று போட்டு ஒரு எண் எழுதுவார்கள். கிளாஸ்கோ அளவுகோல் என்பதன் சுருக்கம் அது. 1974-ல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் இருவரும் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கைகால் அசைவுக்கு 6 வரை. மொத்தம் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. டாக்டர் பேனாவை நகத்தின் மேல் வைத்து அழுத்துவார், கை பின்னால் இழுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார். பெரியம்மாவுக்கு அதைப் பார்க்கவே தாங்காது. உலகம் முழுக்க உயிர்களைக் காப்பாற்ற உதவுகிற அளவுகோல் இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது அளப்பது உடம்பு வெளியே காட்டுகிற பதிலை. உள்ளே எல்லாம் தெரிந்தும் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவர் இருந்தால், இந்த எண் அவரைக் காட்டிக்கொடுக்காது.

சரி, நனவு மூளையில் எங்கே இருக்கிறது? எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஒரு கணக்கைச் சொல்கிறேன். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி, பின்னந்தலையில் இருக்கிற சிறுமூளையில் மட்டும். செல்கள் நிறைய இருக்கிற இடத்தில்தான் நனவு இருக்கும் என்றால் சிறுமூளைதான் அதன் இருப்பிடமாக இருக்க வேண்டும். ஆனால் சிறுமூளை மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் நடக்கும்போது தள்ளாடுகிறார்கள், பேச்சு குழறுகிறது, டம்ளரை எடுக்கப் போனால் கை நடுங்குகிறது. அவர்களின் நனவுக்கு ஒன்றும் ஆவதில்லை. ருசி, வலி, வருத்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சிறுமூளையில் ஒரே மாதிரியான இணைப்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஒன்றோடொன்று திரும்பப் பேசிக்கொள்வது குறைவு. மேலே இருக்கிற பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் மடிப்பு மடிப்பான மேலுறையும், நடுவே செய்திகளைக் கைமாற்றிவிடும் தாலமஸ் என்ற பகுதியும் அப்படி இல்லை. போன செய்தி திரும்பி வரும், திரும்பி வந்தது மறுபடி போகும். எத்தனை செல்கள் என்பதைவிட அவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதே முக்கியம் என்று ஆய்வாளர்கள் எண்ணுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கே ஒரு நிமிடம் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு செய்தித்தாளை எடுங்கள். குழாய் மாதிரிச் சுருட்டி வலது கண்ணில் வைத்து எதிர்ச்சுவரைப் பாருங்கள். இடது உள்ளங்கையை விரித்து, குழாயை ஒட்டினாற்போல, முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இடது கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். உள்ளங்கையில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாகச் சுவர் தெரியும். சின்ன வயதில் செய்திருப்பீர்கள். வலது கண் சுவரைக் காட்டுகிறது, இடது கண் தோலைக் காட்டுகிறது. ஒரே இடத்தில் இரண்டையும் வைக்க முடியாமல் மூளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இடது கண்ணில் உள்ளங்கையின் நடுப்பகுதி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு அது தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதையே இன்னும் கச்சிதமாகச் செய்கிறார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம். பார்ப்பவருக்குக் கொஞ்ச நேரம் இது தெரியும், அப்புறம் தானாக மாறி அது தெரியும். எதிரே இருக்கிற படங்கள் மாறவே இல்லை, அனுபவம் மட்டும் மாறுகிறது. அப்படியானால் மூளையில் படத்தோடு நிற்கிற செல்கள் எவை, அனுபவத்தோடு மாறுகிற செல்கள் எவை என்று பிரித்துப் பார்க்கலாம் அல்லவா? நிகோஸ் லோகோதெட்டிஸ் குழுவினர் பயிற்சி கொடுத்த குரங்குகளிடம் இதைச் செய்தார்கள். கண்ணிலிருந்து செய்தி முதலில் வந்து சேரும் இடத்தில் பெரும்பாலான செல்கள் அனுபவத்தைக் கண்டுகொள்ளவில்லை. மேலே போகப் போக, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் புறணியில், ஏறக்குறைய எல்லாச் செல்களும் குரங்கு எதைப் பார்ப்பதாகக் காட்டியதோ அதோடு சேர்ந்தே மாறின. 'நனவு என்றால் என்ன' என்ற மலைப்பான கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 'நனவு இருக்கும்போதும் இல்லாதபோதும் மூளையில் எது வேறுபடுகிறது' என்று தேடும் இந்த வழியை 1990-ல் உரக்கச் சொன்னவர்கள் இருவர். ஒருவர், டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அதே பிரான்சிஸ் கிரிக். மற்றவர் இளம் ஆய்வாளரான கிறிஸ்டாஃப் கோச். அதுவரை இதைத் தத்துவக்காரர்களின் வேலை என்று ஒதுங்கியிருந்த பலர் ஆய்வுக்குள் வந்தார்கள்.

பார்ப்பதும் 'பார்க்கிறேன்' என்று தெரிவதும் எவ்வளவு தூரம் பிரியும் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1974-ல் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினர் எழுதியது. நோயாளியின் பெயர் வெளியே தெரியாது, டி.பி. என்ற இரண்டு எழுத்துகள்தான். ஒரு கோளாறுக்காக அவருடைய வலது பின்மூளையில் பார்வைக்கான பகுதியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அதனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் எதிரே இருக்கிற காட்சியின் இடது பாதி அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாத பக்கத்தில் ஒரு ஒளிப்புள்ளியைக் காட்டி, "எங்கே இருக்கிறது, கை காட்டுங்கள்" என்றார்கள். "ஒன்றுமே தெரியவில்லை" என்றார். "சும்மா ஊகித்துக் காட்டுங்கள்" என்றார்கள். காட்டினார், பெரும்பாலும் சரியாக இருந்தது. கோடு செங்குத்தா கிடையா, உருவம் பெருக்கல் குறியா வட்டமா, இதையும் ஊகிக்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னார். முடிவுகளைக் காட்டியபோது அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவர்தான். அவரைப் பொறுத்தவரை வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இதற்குக் குருட்டுப்பார்வை என்று பெயர் வைத்தார்கள். கண்ணிலிருந்து பார்வைப் புறணிக்குப் போகும் பெரிய சாலை அடைபட்டாலும், நடுமூளை வழியாகப் போகிற பழைய சின்னப் பாதைகள் திறந்தே இருக்கின்றன என்பதுதான் விளக்கம். 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட வியப்பானது. இரண்டு முறை பக்கவாதம் வந்து இரண்டு பக்கப் பார்வைப் புறணியும் போய், முழுதாகக் குருடாகிவிட்ட ஒருவர். குச்சி இல்லாமல் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார்கள். வழியில் பெட்டிகளும் சாமான்களும் வைத்திருப்பதைச் சொல்லவில்லை. அவர் ஒன்றின் மீதும் இடிக்காமல், அங்கங்கே உடம்பை ஒருக்களித்து, நடந்து போய்விட்டார். ஏதாவது பார்த்தீர்களா என்றால் இல்லை என்பதுதான் பதில். நாம் 'நான் செய்கிறேன்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ காரியங்களை மூளை நமக்குச் சொல்லாமலேயே செய்துமுடிக்கிறது என்பதை இந்தத் தாழ்வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

இனி சொல்லப்போவதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. 2005 ஜூலையில் இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருவருக்குச் சாலை விபத்தில் தலையில் பலத்த காயம். ஐந்து மாதம் கழித்தும் நிலை மாறவில்லை. கண் திறப்பார், மூடுவார், தூங்குவார், விழிப்பார். யார் என்ன சொன்னாலும் எந்தப் பதிலும் இல்லை. விழிப்பு உண்டு, நனவு இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தார்கள். மூளையில் எந்தப் பகுதிக்கு அதிக ரத்தம் போகிறது என்பதை வைத்து, எது வேலை செய்கிறது என்று காட்டும் கருவி அது. காதில் ஒரு கட்டளை: "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்." அடுத்தது: "உங்கள் வீட்டுக்குள் அறை அறையாக நடந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள்."

இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. டென்னிஸ் என்று நினைத்தால் உடல் அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்யும். வீட்டுக்குள் நடப்பதாக நினைத்தால் இடங்களை நினைவில் வைக்கும் பகுதி. படத்தில் இரண்டையும் குழப்பவே முடியாது. அந்தப் பெண்ணின் மூளை டென்னிஸுக்கு ஒரு விதமாகவும் வீட்டுக்கு வேறு விதமாகவும், ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூளையைப் போலவே, வேலை செய்தது. டென்னிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மூளை தானாகத் துடித்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சொல்லுக்குத் தானாக வரும் துடிப்பு சில நொடிகளில் அடங்கிவிடும். இங்கே 'ஓய்வெடுங்கள்' என்று சொல்லும்வரை, முப்பது நொடிகள், அது நீடித்தது. சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, செய்திருக்கிறார். ஐந்து மாதமாக ஒருவருக்கும் தெரியாமல் அவர் அங்கே இருந்திருக்கிறார். 2006-ல் இந்த முடிவு வெளியானது.

2010-ல் வெளியான ஓர் ஆய்வில் கேம்பிரிட்ஜும் பெல்ஜியத்தின் லியேஜும் சேர்ந்து 54 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தன. ஐந்து பேரால் கட்டளைக்கு ஏற்ப மூளையை இயக்க முடிந்தது. அதில் ஒருவரிடம் இதையே பேச்சாக மாற்றினார்கள். ஆமாம் என்றால் டென்னிஸை நினை, இல்லை என்றால் வீட்டை நினை. அப்பா பெயர் இதுதானா என்பது போன்ற ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான பதில் வந்தது. 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் பதில் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி.யிலோ பதில் தந்தார்கள்.

இதைப் படித்து ஒரேயடியாக நம்பிக்கை வைத்துவிடக் கூடாது, ஒரேயடியாக இடிந்துபோகவும் கூடாது. அதே ஆய்வில், சொன்னதைப் படுக்கையிலேயே செய்துகாட்டக்கூடிய 112 பேருக்கும் இந்தச் சோதனையைச் செய்தார்கள். அவர்களில் 43 பேர்தான் கருவியில் தேறினார்கள். மற்றவர்களுக்கு நனவு இருப்பது எல்லோருக்கும் தெரியும், கருவிக்கு மட்டும் தெரியவில்லை. கருவியில் பதில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் நோயாளி எதுவும் செய்யவே தேவையில்லாத ஒரு சோதனை வேண்டும். இத்தாலியின் மிலான் நகரில் மார்செல்லோ மாஸ்ஸிமினி அதைத்தான் தேடினார். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையை ஒரு தட்டு தட்டுவது, அந்தத் தட்டு எப்படிப் பரவுகிறது என்று ஈ.ஈ.ஜி.யில் பார்ப்பது. குளத்தில் கல் போட்டால் அலை கரைவரை போய் மோதித் திரும்பி வந்து சிக்கலான கோலமாகும். விழித்திருக்கும் மூளை அப்படி. ஈர மணலில் கல் போட்டால் 'தொப்' என்று அதே இடத்தோடு சரி. கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அப்படி. தட்டின் எதிரொலி எவ்வளவு சிக்கலானது என்பதை 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண்ணாக ஆக்கி 2013-ல் வெளியிட்டார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் தரும் மயக்க மருந்துகளும் இதில் வருகின்றன. புரோபோஃபால் என்ற பால் போன்ற வெள்ளை மருந்து கொடுத்தால் எதிரொலி சுருங்கிவிடுகிறது. எழுந்தவருக்கு இடையில் நடந்த எதுவும் தெரியாது, தூங்கிய நேரம்கூட இருந்ததாகத் தோன்றாது. ஆனால் கெட்டமைனில் மயங்கியவர் அசையாமல், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடக்கும்போதும் எதிரொலி சிக்கலாகவே இருக்கிறது. எழுந்ததும் அவர்கள் தெளிவான கனவுகளைச் சொல்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் கிடக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எப்போது நனவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழிகள். அது ஏன் இருக்கிறது என்பது வேறு. பச்சை மிளகாயைக் கடித்தால் என்ன நடக்கிறது என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். அதிலுள்ள கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் ஓர் உணர்வாங்கியைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் காரத்தை 'எரியுது' என்கிறோம். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உணர்வாங்கியிலிருந்து மூளைக்குப் போகும் மின்துடிப்புகளை அளந்துவிடலாம். ஆனால் மின்துடிப்பு ஏன் 'உறைப்பாக' இருக்க வேண்டும்? ஒன்றும் உணராமல் சும்மா நாக்கை இழுத்துக்கொண்டால் போதாதா? தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் இதற்குக் 'கடினமான கேள்வி' என்று பெயர் வைத்தார். கோட்பாடுகள் பல இருக்கின்றன. ஒரு செய்தி மூளை முழுக்க ஒலிபரப்பானால் அதுவே நனவு என்கிறார் பெர்னார்ட் பார்ஸ். பாகங்கள் எந்த அளவுக்குப் பிரிக்க முடியாமல் ஒன்றாகப் பின்னியிருக்கின்றனவோ அந்த அளவே நனவு என்கிறார் ஜூலியோ டொனோனி. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு, 256 பேரிடம் ஒரே சோதனையைச் செய்து, 2025-ல் முடிவுகளை முழுமையாக வெளியிட்டார்கள். இரண்டுமே சில கணிப்புகளில் தோற்றன. 25 ஆண்டுகளுக்குள் மூளையில் நனவின் அடையாளம் தெளிவாகிவிடும் என்று 1998-ல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டிய கோச், 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார். தங்கள் கோட்பாடு எங்கே தோற்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுச் சோதனைக்குப் போன அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

காந்தச் சுருளும் இந்த வகை எஃப்.எம்.ஆர்.ஐ. சோதனையும் நம் ஊர் ஐ.சி.யு.க்களில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆனால் பெரிய செலவில்லாத ஒரு வழி உண்டு, அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். 2009-ல் லியேஜிலிருந்து வந்த ஓர் ஆய்வில், நனவு இல்லை என்று முடிவு கட்டப்பட்ட 44 பேரை முறையான அளவுகோலால் மறுபடி கவனமாகப் பார்த்தபோது 18 பேரிடம் நனவின் அடையாளம் இருந்தது. இவர்களுடைய நிலை நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். காலையில் பதில் தராதவர் மாலையில் தரலாம், அதனால் பல தடவை பார்க்க வேண்டும். இன்னொன்று, கண் எதையாவது தொடர்கிறதா என்று பார்க்க விரலையோ டார்ச்சையோ ஆட்டுவதைவிடக் கண்ணாடி நல்லது. வேறு எதையும் தொடராத கண்கள்கூடத் தன் முகத்தைத் தொடரலாம்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம், அந்தச் சின்ன வயது டாக்டர் பெரியம்மாவிடம், "அம்மா, கைக்கண்ணாடி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பெரியம்மா பையைத் துழாவி எடுத்துக்கொடுத்தார். ஓரத்தில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்த வட்டக் கண்ணாடி. டாக்டர் அதைத் துடைத்து, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். கண் சீலிங்கிலேயே நின்றது. மறுபடி நேரே கொண்டுவந்து, இன்னும் மெதுவாக நகர்த்தினார். இந்த முறை கண்களும் கூடவே போயின. வலப்பக்கம் கொண்டுபோனார், அங்கேயும் வந்தன. பெரியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, மணி பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.